கண்ணாடிக்கு மூன்று மாதத் தவணை

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு முறை படித்தேன். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். அவற்றை நீக்கிவிட்டு மற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் அக்கா. எனக்கு வயது 39. கணக்குத் துறையில் வேலை. இரண்டு பிள்ளைகள். 27 வயதில், கல்யாணத்துக்கு முன்னால், பேங்காக் போய் மார்பகத்தில் சிலிக்கோன் பை வைத்துக்கொண்டேன். கணவருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. கடந்த ஒரு வருடமாக இடது பக்கம் இறுகிக்கொண்டே வருகிறது. ஒருக்களித்துப் படுத்தால் வலி. கோலாலம்பூரில் ஒரு நிபுணர் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் எடுத்துவிடலாம் என்கிறார். எடுப்பதற்கு எனக்குச் சம்மதம்தான். ஆனால் எடுத்த பிறகு எப்படி இருப்பேன்? இணையத்தில் பார்த்த படங்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன. அதோடு சேர்த்து 'லிஃப்ட்' செய்யலாமா என்று டாக்டர் கேட்டார். இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். கணவர், 'உடம்பு நல்லா இருந்தா போதும்' என்கிறார். அதுக்கு மேல் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை."

அன்புத் தங்கைக்கு, கேட்டதற்கு முதலில் நன்றி. நான் மருத்துவர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அறுவைச் சிகிச்சை வார்டில் தாதியாக இருந்தவள். கத்தி பிடிப்பது மருத்துவர். மூன்றாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்பது தாதி. நோயாளி முதல் தடவை குனிந்து தன் உடம்பைப் பார்க்கும் அந்த நிமிடத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு அங்கிருந்துதான் பதில் சொல்லப் போகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். முதல் சில வாரங்களில் கண்ணாடியில் தெரிவது உங்கள் புது உருவம் அல்ல. அது பாதி வழியில் இருக்கும் உடம்பு. அதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இனி விவரமாகச் சொல்கிறேன்.

ஏன் இறுகுகிறது?

வெளியிலிருந்து வந்த எந்தப் பொருளையும் உடம்பு சும்மா விடாது. அதைச் சுற்றி ஒரு சவ்வுக் கூடு கட்டிவிடும். சிலிக்கோன் பை வைத்த எல்லாருக்கும் இந்தக் கூடு உண்டு. பெரும்பாலும் அது மெல்லியதாக, தொந்தரவு இல்லாமல் இருக்கும். சிலருக்கு அது தடித்துச் சுருங்கி, உள்ளே இருக்கும் பையை நெரிக்கும். பை இறுகியதாகத் தோன்றுவது இதனால்தான். மருத்துவர்கள் இதை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். மூன்றாம் படியில் இறுக்கம் வெளியே பார்த்தாலே தெரியும். நான்காம் படியில் வலியும் சேரும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்கள் மருத்துவர் ஏன் எடுக்கச் சொல்கிறார் என்பது புரிகிறது.

இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. முதல் சிலிக்கோன் மார்பகப் பை 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், ஆயுள் முழுக்க நிற்கும் பை என்று ஒன்று வரவில்லை. இவை வாழ்நாள் சாதனங்கள் அல்ல என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே சொல்கிறது. சிலிக்கோன் பை வைத்தவர்கள் ஐந்து, ஆறு ஆண்டுகளில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுத்து, உள்ளே கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் அவர்களின் ஆலோசனை. பை வைக்கும்போது இதைச் சொன்னவர்கள் எத்தனை பேர், கேட்டு வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

ஆகவே முதல் வேலை, அலமாரியைத் திறந்து பேங்காக்கில் கொடுத்த அட்டையைத் தேடுங்கள். பையின் நிறுவனம், வகை, அளவு, எண் எல்லாம் அதில் இருக்கும். இது சும்மா சொல்வது இல்லை. பிரான்ஸின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரம் இல்லாத சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010ஆம் ஆண்டு அம்பலமானது. 2019ஆம் ஆண்டு ஜூலையில், அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான பயோசெல் வகைப் பைகள் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைச் சுற்றிய கூட்டில் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் அரிதாக உருவாவது தெரிந்ததே காரணம். பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அது அரிது. ஆனால் எந்த வகைப் பை என்று தெரிந்தால், எடுக்கும்போது கூட்டை எவ்வளவு எடுப்பது, எதைப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று மருத்துவர் முடிவு செய்ய உதவும். அட்டை கிடைக்காவிட்டால், பை வைத்த மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பி அறுவைக் குறிப்பைக் கேளுங்கள்.

உருவத்தை முடிவு செய்வது எது?

ஒரே நாளில், ஒரே மருத்துவர் கையால் எடுத்துக்கொண்ட இரண்டு பெண்கள் ஆறு மாதம் கழித்து ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். இணையத்தில் பார்த்த படம் உங்கள் படம் ஆகாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். கணக்கில் வருபவை இவை.

முதலாவது, பையின் அளவு. 300 சிசி பை என்றால் ஏறக்குறைய 300 கிராம் எடை. அதைச் சுமந்த தோல் அந்த அளவுக்கு விரிந்திருக்கும். பை பெரிதாக இருந்தால், எடுத்த பிறகு மிஞ்சும் தோலும் அதிகம்.

இரண்டாவது, உங்கள் சொந்த மார்பகத் திசு எவ்வளவு இருக்கிறது என்பது. மருத்துவர் விரலால் கிள்ளிப் பார்ப்பது இதற்காகத்தான். பல ஆண்டு அழுத்தத்தில் திசு கொஞ்சம் மெலிந்திருக்கலாம். அதனால் பை வைப்பதற்கு முன் இருந்ததைவிடச் சற்றுச் சிறியதாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, தோலின் இழுவைத் தன்மை. வயது, பிள்ளைப்பேறு, தாய்ப்பால் கொடுத்தது, உடல் எடை ஏறி இறங்கியது, வெயில், புகை எல்லாம் அதைக் குறைக்கும். புகைப்பவர்களுக்குக் காயமும் தாமதமாக ஆறும். வேப்பும் இதில் சேர்த்தி.

நான்காவது, பை எங்கே இருந்தது என்பது. தசைக்கு மேலா, கீழா? தசைக்குக் கீழே இருந்தால், அந்தத் தசை மீண்டும் தன் இடத்தில் படிய நாள் எடுக்கும். ஆரம்பத்தில் கையை அசைக்கும்போது தோல் சுருங்கி இழுப்பது போலத் தெரியலாம்.

ஐந்தாவது, கூடு எவ்வளவு தடிப்பு, எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பது. இறுகிய பக்கத்தில் வேலை அதிகம். அதனால் இடது பக்கம் வீக்கமும் வலியும் வலதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பையை எடுத்தால் 27 வயது உடம்பு திரும்பி வராது. பை இல்லாமல் இருந்திருந்தாலும், இரண்டு பிள்ளை பெற்ற 39 வயது உடம்பு 27 போல இருந்திருக்காது. நீங்கள் ஒப்பிட வேண்டியது பழைய புகைப்படத்தோடு அல்ல.

முதல் மூன்று வாரம்

கட்டைப் பிரிக்கும்போது மார்பகம் காற்றுப் போன பலூன் போலத் தெரியும். மேல் பக்கம் தட்டையாக, கீழே தோல் சுருங்கி மடிந்து இருக்கும். காம்பு கீழ் நோக்கியோ, கொஞ்சம் உள்ளே இழுத்தோ இருக்கலாம். ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் வற்றி, இரண்டும் இரண்டு மாதிரி இருக்கும். கன்றிய நீலமும் மஞ்சளும் வயிறு வரை இறங்கலாம். சிலருக்கு விலா எலும்பின் மேல் லேசான பள்ளம் தெரியும். பல ஆண்டு அழுத்தத்தின் தடம் அது. பெரும்பாலும் மெல்லச் சரியாகும்.

கூட்டையும் எடுத்தால், நீர் தேங்காமல் இருக்க வடிகுழாய் வைப்பதுண்டு. ஒரு நாளில் வடியும் அளவு ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பது வழக்கம். அழுத்திப் பிடிக்கும் சர்ஜிக்கல் பிராவை இரவும் பகலும் போடச் சொல்வார்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் தோல் கீழே இருக்கும் திசுவோடு ஒட்ட அது உதவும்.

வார்டில் ஒருவர், ஆசிரியை, கட்டைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மிஸ்ஸி, நான் தப்பு பண்ணிட்டேன்" என்று அன்று மூன்று முறை சொன்னார். நான்கு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தவர், என்னைத் தேடி வார்டுக்கு வந்தார். "சின்னதுதான். ஆனா என்னுதுதான்" என்றார். எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். இன்னொருவருக்கு ஒரு வருடம் ஆகியும் தொய்வு குறையவில்லை. பிறகு லிஃப்ட் செய்துகொண்டார். ஆனால் மூன்றாம் நாள் அழுகை இருவருக்கும் பொதுவாக இருந்தது. அன்று பார்த்ததை வைத்து, யாருக்கு எப்படி முடியும் என்று எங்களாலும் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம்

நாள் முழுக்க ஆள் உட்கார்ந்திருந்த மெத்தை, எழுந்த உடனே நிமிர்ந்துவிடாது. மெல்ல மெல்ல உப்பும். பைக்கு அடியிலும் பக்கத்திலும் நசுங்கிக் கிடந்த திசுவும் அப்படித்தான். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வீக்கம் வடிய, தோல் சுருங்க, திசு பரவி உட்கார ஆரம்பிக்கும். மேல் பக்கத் தட்டையும் மடிப்புகளும் குறையும். மூன்று மாதத்தில் உருவம் ஓரளவு பிடிபடும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சின்னச் சின்ன மாற்றங்கள் தொடரும்.

காம்பைச் சுற்றிய மரத்துப்போன உணர்வும் திடீரென்று சுருக்கென்று குத்துவதும் இந்தக் காலத்தில் சகஜம். நரம்பு திரும்பும்போது அப்படி இருக்கும். சிலருக்கு உணர்வு முழுமையாகத் திரும்பாமல் போவதும் உண்டு.

தழும்புக்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும். முதல் சில மாதம் தடித்து, நிறம் கூடி, அரிக்கும். அது மங்கி மெலிய ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகலாம். நம் தோல் நிறத்தில் தழும்பு கறுத்துத் தெரிவதும், சிலருக்குக் கீலாய்டாகத் தடிப்பதும் அதிகம். காது குத்திய இடத்திலோ, தடுப்பூசித் தழும்பிலோ உங்களுக்கு அப்படித் தடித்திருந்தால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். காயம் மூடிய பிறகு சிலிக்கோன் ஜெல் பட்டை ஒட்டுவது உதவும். என்ன வேடிக்கை பாருங்கள், உள்ளே வேண்டாம் என்று எடுத்த பொருளே வெளியே மருந்தாகிறது.

புகைப்படம் எடுத்து வையுங்கள். ஆனால் தினமும் வேண்டாம். மாதம் ஒரு முறை, அதே அறை, அதே வெளிச்சம், அதே தூரம். தினம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. படத்துக்குத் தெரியும்.

லிஃப்ட் இப்போதா, பிறகா?

நீங்கள் இரண்டு வாரத்தில் சொல்ல வேண்டிய பதில் இதுதான். லிஃப்ட் என்றால் மிஞ்சிய தோலை எடுத்து, காம்பை மேலே ஏற்றி, மார்பகத்தைத் திரட்டித் தைப்பது. அளவை அது கூட்டாது. தழும்பு அதிகம்: காம்பைச் சுற்றி, அதிலிருந்து கீழ் மடிப்பு வரை, சில நேரம் மடிப்பு நெடுகவும்.

சேர்த்துச் செய்தால் மயக்க மருந்து ஒரு தடவை, எம்சி ஒரு தடவை, செலவும் ஒரு தடவை. காம்பு கீழ் மடிப்புக்கும் கீழே தொங்கும் அளவுக்குத் தொய்வு இருந்தால், சேர்த்துச் செய்வது நியாயமாகவே படும். ஆனால் பையை எடுத்த அந்த நேரத்தில் தோல் எவ்வளவு சுருங்கும் என்பது யாருக்கும் முழுமையாகத் தெரியாது. திசு மிக மெலிந்திருந்தால், ஒரே நாளில் கூட்டையும் எடுத்து, காம்பையும் நகர்த்துவது இரத்த ஓட்டத்துக்குச் சுமை.

பிறகு செய்தால், மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்து, உண்மையில் மிஞ்சியது எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யலாம். அதற்குள், 'இது போதும், இன்னொரு கத்தி வேண்டாம்' என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் மேல் நிரப்பு மட்டும் வேண்டும் என்றால், வயிறு அல்லது தொடையிலிருந்து சொந்தக் கொழுப்பை எடுத்து ஏற்றும் வழியும் உண்டு. அதில் ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் சொல்ல முடியாது. மருத்துவரிடம் இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். என் சொந்தத் திசு எவ்வளவு இருக்கிறது? காம்பு இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது, பை இல்லாமல் எங்கே வரும்? லிஃப்ட் இல்லாமல் எடுத்தால், பிறகு செய்வதில் சிக்கல் உண்டா? என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களின் மூன்றாம் வாரப் படமும் ஒரு வருடப் படமும் காட்ட முடியுமா? ஒரு வருடப் படத்தை மட்டும் காட்டுபவரிடம் மூன்றாம் வாரத்தையும் கேளுங்கள். எடுத்த கூட்டைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?

முடிவு எடுக்க இரண்டு வாரம் போதவில்லை என்றால், போதவில்லை என்று சொல்லுங்கள். பை கிழிந்தோ, கிருமி தொற்றியோ இல்லாதவரை, இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்க நேரம் இருக்கும். அவர் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூர் வாசகர்கள் அங்குள்ள மருத்துவ மன்றப் பதிவேட்டைப் பார்க்கலாம். அழகு நிலையங்களின் பேச்சே இதில் வேண்டாம்.

கூட்டை முழுதாக, பையோடு சேர்த்து ஒரே உருண்டையாக எடுத்தால்தான் உடம்பு சுத்தமாகும் என்று சமூக ஊடகங்களில் அடித்துச் சொல்கிறார்கள். அந்த முறை புற்றுநோய் அறுவையிலிருந்து வந்தது. எல்லாருக்கும் அது தேவை இல்லை. கூடு விலா எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் வலிந்து எடுத்தால் ஆபத்தும் உண்டு. எவ்வளவு எடுப்பது என்பதை உங்கள் கூட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புற்றுநோய்க்குப் பிறகு பை வைத்தவர்கள்

இந்தக் கடிதத்தைப் படிக்கும் சிலர், அழகுக்காக அல்ல, மார்பகத்தையே இழந்த பிறகு பை வைத்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. உள்ளே சொந்தத் திசு இல்லாததால் உப்பி வர எதுவும் இல்லை. பையை எடுத்தால் அந்தப் பக்கம் தட்டையாகத்தான் இருக்கும். கதிர்வீச்சு பெற்ற தோல் இன்னும் இறுக்கமாக இருக்கும்.

தட்டையாக இருப்பதும் ஒரு தேர்வுதான். ஆனால் அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். மிஞ்சிய தோல் அக்குளுக்குக் கீழே மடிப்பாகத் தொங்காமல், நெஞ்சு சமமாக வரும்படி தைப்பதற்குத் தனிப் பெயரே உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 2020ஆம் ஆண்டு அதைத் தன் மருத்துவச் சொல்லகராதியில் சேர்த்தது. 'தட்டையாக, சீராக மூடித் தாருங்கள்' என்று அறுவைக்கு முன்பே தெளிவாகச் சொல்லுங்கள். பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகம், வயிறு அல்லது முதுகுத் திசுவால் மறுபடி உருவாக்குவது ஆகிய வழிகளும் உள்ளன. காப்புறுதிக் கணக்கும் உங்களுக்கு வேறு. அழகுக்கான அறுவையைக் காப்புறுதி பொதுவாக ஏற்காது. புற்றுநோய் சார்ந்தது என்றால் நிலைமை மாறலாம். மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டில் கவனிக்க

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் ஆரம்பிக்கும். முட்டை சேர்க்காதே, மீன் சேர்க்காதே என்பார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். நம் நாட்டில் அறுவை முடிந்தவர்களுக்கு ஹாருவான் மீன் சூப் கொடுப்பது வழக்கம். நம் விரால்தான் அது. தாராளமாகக் குடியுங்கள். ஆனால் தழும்பின் மேல் மஞ்சளோ, தைலமோ, கற்றாழையோ தடவாதீர்கள்.

அலுவலக வேலைக்கு ஒன்று இரண்டு வாரத்தில் திரும்பலாம். கூட்டையும் எடுத்தாலோ, லிஃப்ட் சேர்ந்தாலோ கூடுதலாக ஆகும். நான்கு முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்க வேண்டாம். சின்னப் பிள்ளை, அரிசி மூட்டை, பால்குடம் எல்லாம் இதில் அடங்கும். தைப்பூச வேண்டுதல் இருந்தால் அதற்கேற்ப நாள் பாருங்கள். புது பிராவும் ரவிக்கை அளவும் மூன்று மாதத்துக்குப் பிறகு. தீபாவளிக்கு என்று அவசரப்பட்டு இருக்கும் ரவிக்கைகளை எல்லாம் பிடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். தையற்காரரிடம் இரண்டு தடவை காசு கொடுக்க நேரும்.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்குவது, சிவப்பு பரவுவது, சீழ், கெண்டைக்கால் வீக்கம் இருந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு. எல்லாம் ஆறிய பிறகு, 40 வயது ஆகப் போகிறது உங்களுக்கு, மேமோகிராம் எப்போது தொடங்குவது என்று கேளுங்கள். எடுக்கும் இடத்தில் பழைய கதையைச் சொல்ல மறக்காதீர்கள். உள்ளே மிஞ்சிய கூடும் தழும்பும் படத்தில் வேறு ஏதோ போலத் தெரியலாம்.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை

'உடம்பு நல்லா இருந்தா போதும்' என்பது நல்ல பேச்சு. பல பெண்களுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. ஆனால் அவர் கேட்டது உடம்பைப் பற்றி மட்டும் அல்ல. முதல் வாரம் அவர் உடை மாற்றும்போது நீங்கள் கண்ணை வேறு பக்கம் திருப்பினால், அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். பார்க்கச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதித்தால் பாருங்கள். வடிகுழாயின் அளவைக் குறித்து வைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 'பழைய மாதிரி வந்துடும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

தங்கைக்குக் கடைசியாக ஒன்று. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்த இரண்டு வாரம் பிள்ளைகளைப் பார்க்கவும் சமைக்கவும் ஒரு ஆள் வேண்டும். யார் வந்தாலும், 'நெஞ்சில் ஒரு கட்டி இறுகியிருந்தது, எடுத்தார்கள்' என்று சொன்னால் பொய் இல்லை. உண்மையைச் சொல்ல மனம் வந்தால் அதையும் சொல்லுங்கள். பெற்றவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்குவார்கள்.

அறுவை நாள் முடிவானதும் நாட்காட்டியில் அந்த நாளிலிருந்து மூன்று மாதம் தள்ளி ஒரு வட்டம் போடுங்கள். கண்ணாடி என்ன சொல்கிறது என்று அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம். அதுவரை அது சொல்வதை எல்லாம் நம்ப வேண்டாம். அந்த வட்டம் வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். பெயர் போட மாட்டேன்.